சம்பந்தியும் சனிக்கிழமை எடையும்

சம்பந்தி,

இதெல்லாம் இப்படித்தான் நடக்கும் என்று நான் அன்றைக்கே சொன்னேன். கல்யாண மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் பன்னிரண்டு பேர் வயிற்றை உள்ளே இழுத்துக்கொண்டு வரிசையில் நின்றோமே, அந்த முதல் சனிக்கிழமையிலேயே சொன்னேன். நீங்கள் மலை ஏறுவீர்கள், இந்தக் கூட்டம் கலையாது, ஒருநாள் உங்கள் பெயர் இந்தச் சுவரில் வரும் என்று. ஏழாம் வகுப்போடு நின்றவன் பேச்சை யார் காதில் வாங்குவார்கள்? இப்போது வந்து பார்க்கட்டும்.

இன்று காலை கூடத்துக்குள் காலை வைத்ததும் பெயின்ட் வாசனை. வழக்கமாக அங்கே முந்தின நாள் கல்யாணத்துச் சாம்பார் வாசனை நிற்கும். இன்று அதையும் அமுக்கிவிட்டுப் பெயின்ட். எடை மெஷின் வைக்கிற மூலைக்கு மேலே பெயின்டர் ஏணி போட்டு நீல எழுத்தில் எழுதிக்கொண்டிருந்தார். "ஏறினாலும் இறங்கினாலும் சனிக்கிழமை வந்து நில்லுங்க." அதன் கீழே உங்கள் பெயர், கடைசி எழுத்து மட்டும் பாக்கி. சனிக்கிழமைதோறும் எங்களுக்கு எடை பார்க்கிற நர்ஸம்மா என்னைப் பார்த்ததும், "அண்ணா, நீங்களே ஒரு தடவ படிச்சிப் பாத்துடுங்க. அவரு கடைசியா இப்படித்தானே சொன்னாரு?" என்றார்.

கண்ணாடியைத் துடைத்துவிட்டு மூன்று தடவை படித்தேன். தலையை ஆட்டினேன். பெயின்ட் வாசனை ஒத்துக்கொள்ளவில்லை, கொஞ்ச நேரம் கழித்து எடை பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்து வேப்பமரத்தடியில் உட்கார்ந்தேன். எடை நோட்டின் பின்பக்கத்தில்தான் இதை எழுதுகிறேன். நீங்கள் போய்ப் பதினோரு மாதம் ஆகிறது. உள்ளே போய் மெஷினில் ஏறுவதற்கு முன்னால் உங்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். ஆனால் எதையும் நேராகச் சொல்லி எனக்குப் பழக்கமில்லை என்பது உங்களுக்குத் தெரியும்.

என் மகனுக்கு உங்கள் மகளைக் கொடுத்து நாம் சம்பந்தி ஆனது இதே மண்டபத்தில்தான். அதற்கு முன்பே நமக்குத் தராசு வழியாகப் பழக்கம். நீங்கள் பட்டுக் கடையில் தராசுக்குப் பின்னால் உட்கார்ந்தவர். நான் உங்களிடம் பட்டு நூலை எடை போட்டு வாங்கிப்போய், வீட்டுத் தறியில் புடவையாக்கித் திருப்பிக் கொண்டுவந்தவன். நூலாகப் போன எடை புடவையாகத் திரும்ப வரவேண்டும். குறைகிற மாதிரி இருந்தால் சில பேர் புடவை மேல் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். பட்டு ஈரத்தைக் குடித்துக்கொண்டு கனக்கும். நீங்கள் புடவையை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்ப்பீர்கள். "இது காஞ்சிட்டு வரட்டும்" என்று மட்டும் சொல்வீர்கள். திட்டமாட்டீர்கள், அதுதான் பேஜார். நான் அப்படி ஒருநாளும் கொண்டுவந்ததில்லை. சரி, ஒரே ஒரு நாள்.

அத்தனை பேர் நூலையும் நிறுத்தின நீங்கள் உங்களை நிறுத்திப் பார்த்ததே இல்லை. பேத்தி பிறந்ததும் தேவிகாபுரம் மலைமேல் காது குத்துவதாக வேண்டிக்கொண்டீர்கள். முழங்கால் வலிக்குப் போன இடத்தில் டாக்டர் மெஷினில் ஏற்றினார். தொண்ணூற்றெட்டு கிலோ. பத்து கிலோவாவது குறையாமல் படி ஏறினால் முட்டி போய்விடும் என்றார். நான்கு ஆட்களை வைத்து உங்களை நாற்காலியில் தூக்கிப் போய்விடலாம் என்று நான்தான் யோசனை சொன்னேன்.

"குழந்தைக்குக் காது குத்தப் போறமா, தாத்தனுக்கு ஊர்வலம் வெக்கப் போறமா?" என்றீர்கள். "மூணாவது வயசுல குத்திக்கலாம். அதுக்குள்ள எறக்கிக் காட்டறேன்."

இரண்டு வருஷம் இருந்தது. இத்தனை உடம்பை இரண்டு வருஷத்தில் எங்கே கொண்டுபோய் வைப்பார் என்று எனக்கு ஒரே ஆச்சரியம். அதனால்தான் நானும் கூட வந்தேன். எனக்கு எண்பத்தொன்பது கிலோதான். பாரம் என்று சொல்ல முடியாது, உடம்புக்கு ஒரு களை என்று சொல்லலாம்.

ஆடி மாதம் கல்யாணம் கிடையாது, மண்டபம் சும்மா கிடந்தது. நர்ஸம்மா அதைக் கேட்டு வாங்கிச் சனிக்கிழமை காலை ஆறரை மணிக்குக் குழுவை ஆரம்பித்தார். வாரம் ஒரு தடவை எடை. சாப்பிட்டதை எழுத ஒரு நோட்டு. வாரத்துக்கு ஒரே ஒரு சின்ன மாற்றம், அதற்கு மேல் கூடாது. மீதி நேரம் பேச்சு. பேச்சு என்றதும் எனக்கு நம்பிக்கை வந்துவிட்டது.

அந்த முதல் எடைக்கு நான் எட்டு இட்லி சாப்பிட்டு, இரண்டு சொம்பு தண்ணீர் குடித்துவிட்டு வந்திருந்தேன். நான் மட்டுமா? தறிக்காரத் தெருவிலிருந்து வந்த எல்லாரும் அப்படித்தான். முதல் கணக்கு கூடுதலாக விழுந்தால் அடுத்த வாரம் குறைந்ததாகக் காட்டிவிடலாமே. யாரும் கூடிப் பேசிவைக்கவில்லை. எடை என்றாலே எங்களுக்கு முதலில் தோன்றுகிற புத்தி அது. ஒவ்வொருவராக மெஷினில் ஏறுவதை நீங்கள் ஓரமாக நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். நான்காவது ஆள் ஏப்பம் விட்டதும் நர்ஸம்மாவிடம் போனீர்கள்.

"இந்தக் கணக்க எழுதாதீங்கம்மா. எல்லாம் ஈரப் பட்டு."

"எனக்குப் புரியலைங்களே."

"தண்ணி ரொப்பிக்கினு வந்து கீறாங்க. நாளைக்கு வெறும் வயித்துல வரச் சொல்லி மறுபடியும் நிறுத்துங்க."

நர்ஸம்மாவுக்கு விஷயத்தை விளக்கினபோது அந்தம்மா உட்கார்ந்து சிரித்த சிரிப்பில் பாதிப் பேர் அவமானப்பட்டு மறுநாள் வராமல் இருந்திருக்கவேண்டும். ஆனால் பன்னிரண்டு பேரும் வந்தோம். எல்லாரும் ஒரே திருட்டில் மாட்டிக்கொண்டால் ஒரு ஒற்றுமை வந்துவிடுகிறது. மூன்றாவது வாரம் நான் இரண்டு கிலோ குறைந்திருந்தேன். தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தேன். நீங்கள் காதருகே வந்து, "அது தண்ணி, சம்பந்தி. பட்டு இன்னும் அப்படியே கீது" என்றீர்கள். அடுத்த மாதம் முழுக்க ஒரு கிலோகூட இறங்காதபோது அது புரிந்தது.

ஆனால் உண்மையான சண்டை மெஷினோடு இல்லை, சாப்பாட்டு இலையோடு. சம்பந்தி வீட்டில் போட்டதை வேண்டாம் என்று சொல்லக்கூடாது. அதுவும் ஆரணி அரிசி, நம்மூர் அரிசி. மூன்று முறை சோறு வாங்கினால்தான் மரியாதை. நீங்கள் என் வீட்டுக்கு வரும்போதெல்லாம் என் மனைவி கரண்டியோடு பின்னாலேயே நிற்பாள். உங்கள் வீட்டுக்கு நான் வந்தால் சம்பந்தியம்மா வடைத் தட்டைக் கீழே வைக்கமாட்டார்கள். வாரம் முழுக்க நடந்து குறைத்ததை ஒரே விருந்தில் இரண்டு குடும்பமும் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிடுவோம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்கள் முதல் சோற்றோடு இலையை மடித்துவிட்டீர்கள். என் மனைவியின் முகம் போன போக்கைப் பார்த்து உங்கள் மகள் அடுப்படிக்குள் போய் நின்றுகொண்டாள்.

"போன மாசம் வரைக்கும் மூணு தடவ வாங்கினவருதானே. இன்னிக்கு என் கொழம்புல இன்னா கொறய கண்டாரு?" என்று என் மனைவி என்னைக் கேட்டாள். உங்களுக்குக் கேட்கவேண்டும் என்றுதான் என்னைக் கேட்டாள்.

"கொற கொழம்புல இல்லைங்கம்மா, என் முட்டியில கீது," என்றீர்கள் நீங்கள். "இனிமே வந்தா சோறு பாதி போடுங்க. மீதி வயித்த உங்க வூட்டுக்காரரு பேச்சால ரொப்பிக்கிறேன்."

அவள் சிரித்துவிட்டாள். கரண்டி கீழே வந்தது. அடுத்த சனிக்கிழமை இதைக் குழுவில் நான் கொஞ்சம் நீட்டிச் சொன்னேன். அப்போதுதான் நர்ஸம்மா, "உங்க தட்டு உங்க கையிலயா இருக்குது? அஞ்சு பேரு கையில இல்ல இருக்குது" என்றார். அன்றைக்குப் பன்னிரண்டு வீட்டிலும் பேசி ஒரு முடிவுக்கு வந்தோம். சம்பந்தியே ஆனாலும் இரண்டாம் முறைக்கு வற்புறுத்தக்கூடாது. இந்தச் சட்டத்தை இயற்றியது நான் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. அந்தப் பேச்சை ஆரம்பித்ததும் நான்தான்.

தறி விஷயமும் அப்படியே. குழித்தறியில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் காபிக்குத்தான் எழுந்திருப்பேன். நீங்கள் வந்து பக்கத்தில் உட்கார்ந்து கேட்டீர்கள்.

"நெய்ஞ்ச துணிய உருளையில எப்பப்ப சுத்துவீங்க?"

"கை எட்டாம போறப்ப. ஒரு சாணுக்கு ஒரு தடவ வெச்சிக்கங்களேன்."

"அப்ப எப்பிடியும் கை நிக்குதில்ல. கையோட காலும் எழுந்திரிச்சா இன்னா?"

அன்றிலிருந்து துணியைச் சுற்றும்போதெல்லாம் குழியை விட்டு ஏறித் தெருக்கோடி வரை போய்த் திரும்ப வேண்டும் என்று வைத்துக்கொண்டேன். முதல் மாதம் அது ஒரு தண்டனை. ஒவ்வொரு முறையும் மறந்துபோகும், என் மருமகள், உங்கள் மகள்தான், உள்ளிருந்து "மாமா, சுத்தியாச்சா?" என்று குரல் கொடுப்பாள். பிறகு ஒருநாள் தெருக்கோடியில் நின்றுகொண்டிருக்கிறேன், எப்போது எழுந்தேன் என்றே தெரியவில்லை. கால் தானாக வந்திருக்கிறது.

இதை உங்களிடம் சொன்னபோது உங்கள் கண் எப்படிப் பெரிதானது. "எந்த நாள்லருந்து?" என்றீர்கள். இரண்டு பேரும் என் நோட்டை முன்னும் பின்னுமாகப் புரட்டினோம். இட்லி எழுதியிருந்தது, போண்டா எழுதி அடித்திருந்தது, எடை எழுதியிருந்தது. கால் மாறின நாள் மட்டும் எங்கேயும் இல்லை. தறி மிதிக்கக் கற்றுக்கொள்கிறபோது எந்தக் காலால் எதை மிதிப்பது என்று குனிந்து குனிந்து பார்ப்போம். ஒருநாள் பார்க்காமலே மிதிப்போம். அதுவும் எந்த நாள் என்று யாருக்கும் தெரியாது. இதை நான் சொன்னதும் நீங்கள் நோட்டை மூடிவைத்துவிட்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தீர்கள். எனக்கு அது பெருமையாக இருந்தது. நான் சொன்னதைக் கேட்டு ஒருவர் யோசித்தது அதுதான் முதல் தடவை.

பேத்திக்கு மூன்றாவது வயது நடக்கும்போது நீங்கள் எண்பத்தாறு கிலோ. தேவிகாபுரத்துக்குக் குழுவில் பாதிப் பேர் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். காதுகுத்துக்கு இல்லை, உங்கள் முட்டியைப் பார்க்க. மலைக்கு ஆயிரம் படி என்று எல்லாரிடமும் சொல்லிவைத்திருக்கிறேன். குறைந்தால் மலையைக் கேட்டுக்கொள்ளட்டும். பாதி வழியில் நீங்கள் ஒரு கல்லில் கையை ஊன்றி நின்றீர்கள்.

"இன்னா சம்பந்தி, நாற்காலி கொண்டாரச் சொல்லட்டா?" என்றேன்.

திரும்பி என்னைப் பார்த்தீர்கள். எனக்கு மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. "சொல்லுங்க," என்றீர்கள், "உங்களுக்குத் தேவப்படும்."

மேலே தாய்மாமன் மடியில் பேத்தி ஊரைக் கூட்டி அழுதாள். நீங்களும் அழுதீர்கள். வெயில் கண்ணில் பட்டது என்று சொன்னீர்கள். நான் நம்பினேன்.

அப்புறம்தான் விசித்திரம். மலையை விட்டு இறங்கினதும் நீங்கள் சனிக்கிழமை வருவதை நிறுத்திவிட்டீர்கள். ஒரு வாரம் காய்ச்சல் என்றீர்கள், ஒரு வாரம் வெம்பாக்கத்தில் கல்யாணம் என்றீர்கள். ஏழு சனிக்கிழமை. உங்களைப் பார்த்து மற்றவர்களும் நின்றார்கள். பன்னிரண்டு பேர் ஐந்தானோம். மண்டபத்திலும் கல்யாணக் காலம். பக்கத்து இலையில் கேசரி போட்டுக்கொண்டிருக்கும்போது நாங்கள் ஐந்து பேர் மூலையில் மெஷினில் ஏறி இறங்குவோம். மாப்பிள்ளை வீட்டார் எங்களைச் சமையல் ஆட்கள் என்று நினைத்து ரசம் கேட்டார்கள்.

எட்டாவது சனிக்கிழமை வந்தீர்கள். யாரிடமும் பேசாமல் நேராக மெஷினில் ஏறினீர்கள். தொண்ணூற்றொன்றரை. இறங்கி நர்ஸம்மாவைக் கேட்டீர்கள். "மல ஏறணும்னு ஒண்ணு இருந்திச்சி, நடந்தேன். ஏறியாச்சு. இப்ப இன்னாத்துக்கும்மா நடக்கறது?"

படித்த பெண், ஏதாவது ஒரு பதில் சொல்லியிருக்கலாம். "தெரியலைங்க," என்றார். "வந்துகினே இருங்க, பாக்கலாம்."

அந்தப் பதில் உங்களுக்குப் பிடித்துவிட்டது. அதற்குப் பிறகு சனிக்கிழமைதோறும் ஒவ்வொருவரையும் பிடித்து, "இன்னிக்கு இன்னாத்துக்கு வந்தீங்க?" என்று கேட்டு உங்கள் நோட்டில் எழுத ஆரம்பித்தீர்கள். வீட்டில் இருந்தால் சட்னி அரைக்கச் சொல்கிறார்கள் என்றார் ஒருவர். செருப்பு தானாகக் காலில் மாட்டிக்கொண்டது என்றார் இன்னொருவர். பூக்கடைக்காரம்மா மட்டும், "வராட்டி நீ கேப்பியே, அதான் வந்தேன்" என்றார். அதை எழுதி அடியில் இரண்டு கோடு போட்டீர்கள். என்னைக் கேட்டபோது, நான் வராவிட்டால் கூட்டம் நடக்காது என்றேன். அதையும் எழுதிக்கொண்டீர்கள். கோடு போடவில்லை.

நின்றுபோனவர்களில் நான்கு பேர் திரும்பி வந்தார்கள். உங்கள் எடை மெதுவாக எண்பத்தெட்டுக்கு வந்து அங்கேயே நின்றது. நீங்கள் கவலைப்படவில்லை. எதற்காக நிற்கிறது என்று பார்க்க ஆசையாக இருந்தீர்கள்.

ஒரு வியாழக்கிழமை கடையில் தராசின் முன்னாலேயே சாய்ந்துவிட்டீர்கள். மூளையில் ரத்தக் கசிவு. வேலூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். ஞாயிற்றுக்கிழமை உங்களைப் பார்க்க என்னை உள்ளே விட்டார்கள். செவ்வாய்க்கிழமை நீங்கள் இல்லை.

காரியம் முடிந்த மறு சனிக்கிழமை குழுவில் ஒன்பது பேரும் மெஷினைச் சுற்றி உட்கார்ந்திருந்தோம். யாரும் அதில் ஏறவில்லை. கேட்கிறவர் போய்விட்டார், இனி எதற்கு என்றார் பூக்கடைக்காரம்மா. நர்ஸம்மாகூட மெஷினைப் பைக்குள் வைக்கக் குனிந்துவிட்டார். அப்போது நான் எழுந்தேன். "சம்பந்தி ஆஸ்பத்திரில எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போயிருக்காரு" என்றேன். சொன்னேன். ஏறினாலும் இறங்கினாலும் சனிக்கிழமை வந்து நில்லுங்க.

பூக்கடைக்காரம்மாதான் முதலில் மெஷினில் ஏறினார்.

இன்றைக்கு இருபத்திரண்டு பேர். பெரணமல்லூரில் இதே மாதிரி ஒன்று ஆரம்பிக்கிறார்களாம், அங்கிருந்து பெண்கள் வந்து அந்த வாக்கியத்தை எழுதிக்கொண்டு போனார்கள். எடை ஏறினவர்கள் முன்னெல்லாம் வெட்கப்பட்டுக்கொண்டு வராமல் நின்றுவிடுவார்கள். இப்போது ஏறினாலும் வருகிறார்கள், அந்த வார்த்தையைச் சொல்லிக்கொண்டே. யாராவது ஆஸ்பத்திரிக் கதையைக் கேட்கும்போதெல்லாம் நானும் கொஞ்சம் சேர்த்துச் சொல்லி வந்திருக்கிறேன். நீங்கள் என் கையைப் பிடித்தீர்கள், வெளியே மழை, பக்கத்துக் கட்டில்காரர்கூட அழுதார் என்று. கையும் மழையும் போகட்டும்.

சம்பந்தி, அந்த வாக்கியத்தையே நீங்கள் சொல்லவில்லை.

நீங்கள் சொன்னது ஒரே ஒரு கேள்வி. வாய் ஒரு பக்கம் இழுத்திருந்தது, நான் குனிந்து காதை வைத்துக் கேட்டேன். "இந்த வாரம் எவ்ளோ?" நீங்கள் படுத்துக் கிடக்கிறீர்கள், எனக்கு மெஷின் ஒரு கேடா என்று அந்தச் சனிக்கிழமை நான் போகவேயில்லை. ஆனால் "எண்பது" என்றேன், சட்டென்று. நீங்கள் என்னைப் பார்த்தீர்கள். ஈரப் புடவையைக் கன்னத்தில் வைத்துவிட்டுப் பார்ப்பீர்களே, அந்தப் பார்வை. திட்டவில்லை. கண்ணை மூடிக்கொண்டீர்கள்.

குழு நின்றுபோனால் உண்மையான பதிலை நான் எங்கே போய் நிறுத்துப் பார்ப்பேன்? அதற்காகத்தான் அந்த வார்த்தையை உங்கள் வாயில் வைத்தேன். இன்னாத்துக்கு வந்தீங்க என்று இப்போது கேட்டிருந்தால், அடியில் கோடு போடுகிற மாதிரி ஒரு பதில் என்னிடம் இருக்கிறது.

பெயின்டர் ஏணியை மடித்துக்கொண்டு போகிறார். உங்கள் பெயரை அழிக்கச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. நர்ஸம்மா வாசலில் நின்று கூப்பிடுகிறார்.

போய் நின்றுவிட்டு வந்தேன். எழுபத்தெட்டு கிலோ அறுநூறு. வெறும் வயிறு, சம்பந்தி. காலையிலிருந்து தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.